நாக்கடி மாத்திரை: ரத்தத்துக்குப் போவது எது, எச்சிலோடு போவது எது

காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது: “அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) 74 வயசுங்க. தோட்டத்து வீட்டுல அம்முச்சியோட இருக்கார். ரெண்டு வருசம் முன்ன ஸ்டென்ட் வெச்சது. நெஞ்சு பிடிச்சா நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லி சார்பிட்ரேட் 5 கொடுத்திருக்காங்க. ஒருக்கா வெச்சா உடனே கேட்குது, மறுக்கா வெச்சா கால் மணி ஆகியும் கேட்கறதில்ல. வெத்தலை புகையிலை போடற பழக்கம் இருக்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், பிரஷர் மாத்திரையவும் அப்படியே நாக்குக்கு அடியில வெச்சா சுருக்கா கேட்கும்னு சொல்றார். நெசமுங்களா?”

அவர் சொல்வது நெசமில்லைங்க. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அவசரமான ஒன்று. மாத்திரையை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே கூடாது. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108-ஐ அழைத்துவிட வேண்டும். இரண்டாவது மாத்திரை வைக்கலாமா என்பதை மருத்துவர் முன்பே சொல்லிவைத்த அளவுப்படி, வண்டி வந்துகொண்டிருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு வண்டி வர ஒரு நேரம், அங்கிருந்து ஸ்டென்ட் வைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக ஒரு நேரம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அந்தக் கால் மணியின் விலை தெரியும்.

இனி மாத்திரை விஷயத்துக்கு வருவோம். நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அடியில் நீலமாக இரண்டு நரம்பு ஓடுவது தெரியும். நரம்பு என்று பேச்சில் சொன்னாலும் அவை சிரைகள்தான், ரத்தக் குழாய்கள். அவ்வளவு தெளிவாகத் தெரியக் காரணம், மேலே மூடியிருக்கும் தோல் மெல்லியது என்பதுதான். நாக்கடிச் சவ்வின் தடிமன் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். கன்னத்தின் உட்புறம் 0.5 முதல் 0.8 வரை. மேலண்ணமும் ஈறும் சோறு மென்று மென்று உரம் ஏறியவை. நகத்தில் இருக்கிற அதே கெரட்டின் அங்கே மேலே படர்ந்திருக்கும், மருந்து எளிதில் நுழையாது. ஆக, வாயில் மருந்துக்குத் திறக்கிற கதவு முதலில் நாக்கடி, அடுத்தது கன்னம்.

நாக்கடிச் சிரையில் இறங்கிய மருந்து கழுத்துச் சிரை வழியாக நேரே இதயத்துக்குப் போய்விடும். விழுங்கிய மருந்தின் பாதை வேறு. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் கல்லீரலைத் தாண்டித்தான் இதயத்துக்கு வர முடியும். நெடுஞ்சாலையில் பெருந்துறை தாண்டிக் கோவைக்குப் போகிறவர் விஜயமங்கலத்தில் சுங்கம் கட்டுகிற மாதிரி, கல்லீரல் பெரும்பாலான மருந்துகளில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் விடும். சிலவற்றில் கொஞ்சம், சிலவற்றில் கிட்டத்தட்ட முழுவதும். வாய் என்பது அந்தச் சாவடியைச் சுற்றிப் போகிற இட்டேரி, தோட்ட வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய தடம். சுங்கம் கிடையாது, ஆனால் அதில் லாரி போகாது.

உங்கள் அப்புச்சியின் மாத்திரைக் குடும்பத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்துகள் மூன்று. நைட்ரோகிளிசரினை விழுங்கினால் கல்லீரல் ஏறக்குறைய எல்லாவற்றையும் சிதைத்துவிடும். நாக்கடியில் வைத்தால் 1 முதல் 3 நிமிடத்தில் வேலை தொடங்கி, அரை மணி நேரம்போல் இருக்கும். ஐசோசார்பைட் டைநைட்ரேட், அதாவது சார்பிட்ரேட், விழுங்கினால் கால் பங்குதான் ரத்தத்தில் மிஞ்சும். அதுவும் வேலை தொடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். நாக்கடியில் வைத்தால் 2 முதல் 5 நிமிடம், கிடைக்கும் பங்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூன்றாவது ஐசோசார்பைட் மோனோநைட்ரேட். உள்ளே வரும் வழியில் இதைக் கல்லீரல் சிதைப்பதில்லை, விழுங்கினாலே ஏறக்குறைய 100 சதவீதம் கிடைத்துவிடும். அதனால் அதை நாக்கடியில் வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. பெயரில் ‘டை’, ‘மோனோ’ என்ற ஓரெழுத்து, ஈரெழுத்து வித்தியாசம்தான், சாப்பிடும் முறையோ தலைகீழ்.

“ஒருக்கா கேட்குது, ஒருக்கா கேட்கறதில்ல” என்பதற்கான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கேட்காத அன்றைக்கு மாத்திரை எச்சிலோடு வயிற்றுக்குப் போயிருக்கும். வைத்தது நாக்கடியில் என்றாலும் நடந்தது விழுங்கியதுதான். (இன்னொரு சாத்தியம், அன்றைக்கு வந்தது மாத்திரைக்கு அடங்காத வலி. இந்த இரண்டில் எது என்று வீட்டில் இருந்தபடி பிரித்தறிய வழியில்லை. 5 நிமிடக் கணக்கு அதற்காகத்தான்.)

இந்த வாய்வழி புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1847-இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் நைட்ரோகிளிசரினை முதன்முதலில் தயாரித்த சொப்ரேரோ, அதில் துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடுமையான தலைவலி வருகிறதென்று எழுதி வைத்தார். மருந்து வாய்ச் சவ்வு வழியாகவே ரத்தக் குழாய்களைப் போய் விரித்துவிட்டது என்பதற்கான சாட்சி அந்தத் தலைவலி. 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதை நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதே பொருளை டைனமைட் ஆக்கிச் செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கு 1896-இல் இதய நோய்க்காக மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததும் நைட்ரோகிளிசரின்தான்.

சரி, இட்டேரியில் எந்த வண்டி போகும்? மூன்று சோதனை. மூன்றிலும் தேறினால்தான் நாக்கடி.

ஒன்று, அளவு. வாயில் எந்நேரமும் இருக்கும் எச்சில் சுமார் 1 மில்லிதான். மருந்து அதில் கரைந்தால்தான் சவ்வைத் தொட முடியும். பாராசிட்டமால் ஒரு மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் கரையும். 500 மில்லிகிராம் மாத்திரை கரைய 35 மில்லி வேண்டும், அவ்வளவு எச்சிலை வாயில் யார் வைத்திருப்பது? கரையக் கரைய விழுங்கத்தான் செய்வோம். இடமும் குறைவு. வாய்ச் சவ்வின் மொத்தப் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர், ஒன்றரை அஞ்சலட்டை அளவு. குடலுக்கோ சதுர மீட்டரில் கணக்கு, முப்பதுக்குப் பக்கம். நாக்கடி மருந்துகளின் அளவைப் பாருங்கள், எல்லாம் அரை மில்லிகிராம், 2 மில்லிகிராம், 5 மில்லிகிராம் என்றே இருக்கும்.

இரண்டு, மூலக்கூறின் பருமனும் எண்ணெய்ப் பசையும். சவ்வின் மேல் மூன்றில் ஒரு பங்கில் செல்களுக்கு இடையே கொழுப்பு பூசியிருக்கும், செங்கல்லுக்கு நடுவே காரை மாதிரி. எண்ணெயில் கரையும் சிறிய மூலக்கூறுகள் அதைக் கடக்கும். தண்ணீரை மட்டும் நாடுபவை வெளியிலேயே நிற்கும். மூலக்கூறு எடை 500-க்குள் இருப்பது நல்லது. இன்சுலின் சுமார் 5800, அதனால்தான் அதை நாக்கடி மாத்திரையாகப் போட முடியவில்லை. பி12 வைட்டமின் 1355. ‘வாயில் கரையும் மெத்தில்கோபாலமின்’ என்று விற்பதை நாக்கடியில் வைத்தாலும் விழுங்கினாலும் ரத்தத்தில் பி12 ஏறுவது ஒரே மாதிரிதான் என்று ஒப்பிட்டுப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். 1500 மைக்ரோகிராமில் ஒரு சதவீதம் குடல் வழியே கசிந்தாலே அன்றைய தேவைக்குப் போதும், வாய்க்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

மூன்று, மின்னேற்றம். பலரும் கவனிக்காதது இதைத்தான், நம் ஊர் வெற்றிலைப் பெட்டியில் இதற்கு முழுப் பாடமும் இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள் ஒன்று காடியாக (அமிலமாக) இருக்கும், இல்லையென்றால் சுண்ணாம்பு மாதிரிக் காரமாக இருக்கும். எச்சிலின் பிஎச் அளவைப் பொறுத்து (7 நடு, அதற்குக் கீழே காடி, மேலே காரம்) அவற்றில் ஒரு பகுதி மின்னேற்றம் பெற்றிருக்கும், மீதி ஏற்றமில்லாமல் இருக்கும். ஏற்றமில்லாத பகுதிதான் கொழுப்பைக் கடக்கும். நிகோடினில் பாதி ஏற்றமற்றதாக நிற்கும் புள்ளி பிஎச் 8. சாதாரண எச்சில் 7-க்குப் பக்கம், அங்கே 100-இல் 9 பங்குதான் உள்ளே போகத் தகுதி பெறும். பிஎச் 9 ஆனால் 91 பங்கு. இப்போது, பரமத்தி வேலூர் வெற்றிலையில் சுண்ணாம்பை ஏன் தடவுகிறார்கள் என்று யோசியுங்கள். சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்கும், பாக்கின் அரிகோலினும் புகையிலையின் நிகோடினும் கன்னத்தின் வழியே சரசரவென்று இறங்கும். ‘சுண்ணாம்பு பத்தல, சப்புன்னு இருக்குது’ என்று பெரியவர்கள் சொல்வது வெறும் ருசிப் பேச்சு அல்ல.

இதன் மறுபுறம், புகையிலையை விடுவதற்காக மெல்லும் நிகோடின் சூயிங்கம். அதை மெல்லும்போதோ அதற்குக் கால் மணி முன்னாலோ காபி, எலுமிச்சைச் சாறு, சோடா வகைகள் குடித்தால் கம் வீண். காபியின் பிஎச் 5-க்குப் பக்கம், அங்கே 1000-இல் ஒரு பங்குதான் ஏற்றமற்றதாக இருக்கும். ‘கம் மென்னு பாத்தேன், ஒண்ணுமே கேட்கல’ என்று விட்டுவிடுபவர்களிடம் காலைக் காபியைப் பற்றிக் கேளுங்கள். இன்னொரு தவறு, சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லுவது. நிகோடின் எச்சிலில் வெளிவந்து வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும். நாலைந்து முறை மென்று நாக்கில் உறைப்பு தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். உறைப்பு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம்.

ஆஸ்பிரினில் இதே கணக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். அது காடி, பாதிப் புள்ளி 3.5. எச்சிலில் சுமார் 3000-இல் ஒரு பங்கு மட்டுமே கடக்கத் தகுதி பெறும். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள், அதை நாக்கடியில் வைக்கச் சொன்னதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மெல்லச் சொல்வது வயிற்றில் சீக்கிரம் கரைவதற்காக. குடலில் கரையும்படி மேல்பூச்சு பூசிய 75 மில்லிகிராம் மாத்திரையை மெல்லாமல் விழுங்கினால் பூச்சு கரையவே மணிக்கணக்காகும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். சார்பிட்ரேட் வலியைத் தணிக்கும், இதயத்தின் பளுவைக் குறைக்கும். அடைப்பு கரைய அது எதுவும் செய்யாது. ரத்தம் உறைவதைத் தடுத்து மாரடைப்பில் சாவைக் குறைப்பதாக 1988-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் நிரூபணமானது ஆஸ்பிரின்தான். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவை எல்லாம் வயிற்றுக்குப் போக வேண்டியவை, நாக்கடிக்கு அல்ல.

இப்போது வைக்கும் முறை. அப்புச்சிக்கு இதைச் செய்து காட்டிப் பழக்கிவிடுங்கள், வலி வந்த நேரத்தில் சொல்லித்தர முடியாது. முதலில் உட்கார வேண்டும். திண்ணையோ கட்டிலோ நாற்காலியோ, சாய்ந்து உட்கார்ந்தால் போதும். நின்றுகொண்டு வைத்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். கிணற்று மேட்டிலோ வரப்பிலோ விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். வாயில் வெற்றிலைச் சக்கை இருந்தால் துப்பிவிட்டு ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டும். சக்கை இருக்கும்போது எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், மாத்திரை கரைந்த வேகத்தில் துப்பலோடு போய்விடும். வாய் வறண்டிருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, பிறகு மாத்திரையை நாக்கின் அடியில், நாக்கை நடுவில் கட்டியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கமாக வைக்க வேண்டும். வாயை மூடி, பேசாமல், எச்சிலை முடிந்தவரை விழுங்காமல் இருக்க வேண்டும். கரையும் வரை தண்ணீர், மோர், காபி எதுவும் கூடாது. அம்முச்சி பதறிப்போய் சுடுதண்ணீர் கொடுப்பார், அதுதான் மாத்திரையை வயிற்றுக்கு அனுப்பிவிடும் முதல் எதிரி. வைத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வறண்ட வாய் சின்ன விஷயமாகத் தெரியலாம். முதியவர்களிடம் மாத்திரை கேட்காமல் போவதற்கு அது முக்கியமான காரணம். கட்டுக்கடங்காத சர்க்கரை, நீர் பிரியும் மாத்திரை, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சில ஒவ்வாமை மாத்திரைகள் எல்லாம் எச்சிலைக் குறைக்கும். வலி வந்த பயமே வாயைக் காய வைத்துவிடும். பத்து நிமிடம் கழித்தும் மாத்திரை முழுசாக நாக்கடியில் கிடந்தால், உள்ளே போக எச்சில் இல்லை என்று அர்த்தம்.

புகையிலை விஷயத்துக்கு வருகிறேன். எப்போதும் ஒரே கன்னத்தில் அதக்குகிறவர்களுக்கு அந்த இடம் வெளுத்துத் தடித்துப்போகும், கெரட்டின் படர்ந்துவிடும். அங்கே எந்த மருந்தையும் ஒதுக்க வேண்டாம். பாக்குப் போடுபவர்களில் சிலருக்குச் சவ்வின் அடியில் நார்த்திசு படிந்து வாய் திறக்கும் அளவே குறைந்துவரும், மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. புகையிலை இல்லாத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்துவிட்டது. அதோடு நிகோடின் இதயத் துடிப்பைக் கூட்டி ரத்தக் குழாயைச் சுருக்கும். ஒரு கையால் சார்பிட்ரேட்டும் மறு கையால் புகையிலையும் கொடுப்பது, ஏற்றம் இறைக்கும்போது ஓட்டைச் சால் கட்டிய கதைதான்.

மாத்திரை வைத்த பிறகு தலை விண்விண்ணென்று தெறித்தால் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே போய்விட்டதன் அடையாளம் அது. நாக்கில் எரிச்சல் தெரிகிறதா என்று வைத்து வீரியத்தைச் சோதிப்பார்கள், அதை நம்பக் கூடாது, நல்ல மாத்திரையும் எரியாமல் இருக்கும். வலி போனதும் சட்டென்று எழ வேண்டாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், தடாலாபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் எதுவும் வைக்கக் கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். தடாலாபிலைப் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தினசரி 5 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். ‘ஒண்ணுக்கு மாத்திரை’ என்று பெரியவர் வேறொரு மருத்துவரிடம் வாங்கிக்கொண்டிருப்பது இதய மருத்துவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

வைத்திருக்கும் இடமும் மாத்திரையைக் கெடுக்கும். நைட்ரோகிளிசரின் மாத்திரை கொடுத்திருந்தால், அது கற்பூரம் மாதிரி ஆவியாகும் பொருள். கண்ணாடிப் புட்டியில், உலோக மூடியை இறுக மூடி, பஞ்சு எதுவும் போடாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவும் பஞ்சும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். புட்டியைத் திறந்து 8 வாரம் ஆனால் புதிது வாங்கிக்கொள்வது பாதுகாப்பு, திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதிவிடுங்கள். சார்பிட்ரேட் அவ்வளவு எளிதாக ஆவியாகாது, அட்டையிலேயே இருக்கலாம். ஆனால் அட்டையைக் கத்தரித்து மாத்திரையைப் பிரித்து, வேட்டி மடியிலோ சுருக்குப்பையிலோ வெற்றிலையோடு முடிந்து வைத்தால் வியர்வையும் ஈரமும் போதும் அதைக் கெடுக்க. ஈரோட்டிலும் கரூர்ப் பரமத்தியிலும் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் மொபெட் பெட்டிக்குள்ளும் கார் டேஷ்போர்டிலும் எந்த மாத்திரையும் பிழைக்காது.

பெயர்க் குழப்பம் ஒன்று அடிக்கடி நடக்கிறது. நைட்ரோகிளிசரின் 2.6 அல்லது 6.4 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரைகள் மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி செய்தவை. அவற்றை விழுங்க வேண்டும். ‘நைட்ரோ’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைத்தால் உடனடியாக ஒன்றும் கிடைக்காது. அதேபோல ‘எம்டி’ என்று போட்டிருக்கும் வாய்க்கரைச்சல் மாத்திரைகள். வாந்திக்கு ஆன்டான்செட்ரான், ஒற்றைத் தலைவலிக்கு ரைசாட்ரிப்டான் எல்லாம் நாக்கின் மேல் கரையும், ஆனால் உறிஞ்சுவது குடல்தான். தண்ணீர் இல்லாமல் விழுங்கும் வசதிக்காகச் செய்தது அது. ரைசாட்ரிப்டான் அப்படிக் கரைத்துச் சாப்பிட்டால் சாதாரண மாத்திரையைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் உச்சத்துக்குப் போகிறது. கரையும் இடத்தையும் உறிஞ்சும் இடத்தையும் ஒன்றென்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

பிரஷர் மாத்திரை பற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதற்கு ஒரு பூர்வகதை உண்டு. ஒரு காலத்தில் பிரஷர் ஏறினால் நிஃபெடிபின் உறையை ஊசியால் குத்தி, உள்ளிருக்கும் திரவத்தை நாக்கடியில் பிழிவது மருத்துவமனைகளிலேயே வழக்கமாக இருந்தது. சீக்கிரம் இறங்கியதும் உண்மை. ஆனால் ஆய்ந்து பார்த்தபோது நாக்கடியில் உறிஞ்சியது சொற்பம், வேலை செய்தது விழுங்கிய பங்கு என்று தெரிந்தது. அதைவிட மோசம், பிரஷர் தடாலென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே இதை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். இன்றைக்கு அதிகம் பேர் சாப்பிடும் அம்லோடிபின் உச்சத்துக்குப் போகவே 6 முதல் 12 மணி நேரம் எடுக்கும், நாக்கடியில் வைத்தாலும் அது அவசரப்படாது. அறிகுறி எதுவும் இல்லாமல் மீட்டரில் எண் மட்டும் கூடியிருந்தால் அதை நிமிடக் கணக்கில் இறக்கவும் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் மாத்திரை தேட வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள்.

நாக்கடிக்கென்றே செய்த மற்ற மருந்துகளிலும் விழுங்கினால் வீண் என்ற கணக்குத்தான். மனநோய்க்கான அசெனபின் நாக்கடியில் 35 சதவீதம் கிடைக்கும், விழுங்கினால் 2-க்கும் கீழே, வைத்து 10 நிமிடம் தண்ணீர்கூடக் கூடாது. போதை மீட்பில் கொடுக்கும் பியூப்ரனார்ஃபின் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதோடு சேர்த்திருக்கும் நலோக்சோன் நாக்கடியில் ஏறக்குறைய உள்ளே போகவே போகாது. யாராவது அதைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் மட்டும் வேலை செய்து போதையை முறித்துவிடும். ஒரே மாத்திரையில் ஒன்று கடக்க வேண்டும், மற்றது கடக்கக் கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அது பல்லை அரிப்பதாக 2022-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. கரைந்த பிறகு தண்ணீரால் அலசி விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கச் சொல்கிறார்கள்.

குழந்தைக்கு வலிப்பு வரும் வீடுகளில் மிடசோலம் கொடுத்து வைத்திருப்பார்கள், மூக்கில் அடிப்பதோ கன்னத்தில் விடுவதோ. இதன் மூலக்கூறு ஒரு விந்தை. புட்டிக்குள் காடித்தன்மையில் வளையம் திறந்து தண்ணீரில் கரைந்திருக்கும், எச்சிலின் பிஎச் பட்டதும் வளையம் மூடிக்கொண்டு எண்ணெய்ப் பொருளாகிச் சவ்வைக் கடக்கும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது மருத்துவர் சொன்ன நேரத்தில், குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு மெதுவாக அழுத்த வேண்டும். பல்லைப் பிரிக்க வேண்டாம், கரண்டி வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். அளவு குழந்தையின் எடைக்கும் வயதுக்கும் மருத்துவர் எழுதியதுதான். மூச்சைக் கவனித்துக்கொண்டே 108.

சர்க்கரை குறைந்து மயங்குகிறவருக்கு வாயில் இனிப்பைத் தேய்த்தால் அப்படியே ரத்தத்தில் ஏறும் என்றும் நம்புகிறார்கள். பெரியவர்களுக்கு வாய்ச் சவ்வு வழியாக ஏறும் குளுக்கோஸ் மிகக் குறைவு, விழுங்கினால்தான் ஏறும். நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் உதவும், ஆனால் அதைக் குடல் உடைத்துக் குளுக்கோஸ் ஆக்க வேண்டியிருப்பதால் சற்றுத் தாமதம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

தோட்டக்காரர்கள் நிறையப் பேர் படிப்பதால் மருந்தல்லாத ஒன்றும். பூச்சிமருந்து தெளிக்கும்போது நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுகிறார்கள். எண்ணெயில் கரையும் சிறு மூலக்கூறு, அளவு கொஞ்சம் போதும். மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றிலும் தேறுவது ஆர்கனோபாஸ்பேட் விஷம்தான். துப்பிவிட்டால் சரியாகிவிடாது, நாக்கடி அதற்குள் தன் வேலையைச் செய்திருக்கும். பழைய பல்துலக்கி ஒன்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் தெளிப்பான் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புச்சியின் மருந்துப் பெட்டிக்கு இதைச் செய்யுங்கள். நாக்கடி மாத்திரை மட்டும் தனி டப்பாவில், சிவப்பு நூல் கட்டி, அவர் படுக்கும் கட்டில் தலைமாட்டில் ஒன்று, சட்டைப் பையில் அட்டையோடு ஒன்று. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில்: ‘உட்காரு. துப்பு. நாக்கடியில் வை. தண்ணி வேண்டாம். 5 நிமிசம். கேட்கலைன்னா 108.’ கீழே தோட்டத்துக்கு வரும் வழியும் அம்முச்சி சொல்லக்கூடிய அடையாளமும். மற்ற மாத்திரைகள் எல்லாவற்றிலும் ‘முழுங்கறது’ என்று ஒரே சொல்.